வெறுங்கால் உயரமும் விடுபட்ட அசிஸ்ற்றுகளும்

எங்கள் பெண்பிள்ளைகளின் கூடைப்பந்து அணியைப் பற்றி எழுத முற்படுகையில், உறுதிப்படுத்தப்பட்டவற்றை மட்டுமே எழுதுவது என்று ஓர் எல்லையை வகுத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பதினாறு, பதினேழு வயது. அவர்களைப் பற்றி எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு முன்பாகப் போய், முன்பின் அறியாத ஒருவருடைய மேசையில் அமர்ந்துவிடுகிறது. அது சற்று ஊதிப் பெருத்த சொல்லாக இருந்தால், பின்னால் வரும் பிள்ளை அந்தச் சொல்லோடு ஒப்பிடப்பட்டுச் சிறுத்துப்போவாள். எழுதியவருக்கு ஒன்றும் ஆகாது. இன்னொரு காரணம் என்னைச் சார்ந்தது. இந்தப் பருவத்தில், நல்ல நம்பிக்கையோடு, கண்ணால் கண்டதையே நான் பிழையாக எழுதினேன். ஆகவே இங்கே வருவன யாவும் ஆட்ட ஏட்டில் பதிந்து ஒளிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தவை. அல்லது என் காதில் நேரே விழுந்தவை. பெயர்களை விலக்கியிருக்கிறேன். சட்டை இலக்கங்களே போதும்.

அணியில் பத்துப் பேர். எழுவர் தமிழ்ப் பிள்ளைகள். மற்ற மூவர் அவர்களுடைய பள்ளித் தோழியர். செவ்வாயும் வியாழனும் மாலையில் ஸ்காபரோவில் ஒரு பாடசாலையின் ஜிம்மில் பயிற்சி. நாங்கள் ரூஜ் பகுதியில் இருந்து வருகிறோம். வேறு சிலர் மார்க்கம் நகரிலிருந்து வருகிறார்கள். குளிர்காலம் முழுவதும் ஜிம்மின் வாசலில் பெற்றோரின் சப்பாத்துகள் உப்புக் கறையோடு வரிசையாகக் கிடக்கும். பனி ஒட்டிய சப்பாத்தோடு ஆடுதளத்தில் கால் வைத்தவர் யாராக இருந்தாலும் அவரே துடைக்க வேண்டும் என்பது பயிற்றுநரின் சட்டம். நானும் ஒருமுறை துடைத்திருக்கிறேன்.

பயிற்றுநர் இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். பல்கலைக்கழக அணியில் நான்கு ஆண்டுகள் ஆடியவர். பகலில் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறார். பெற்றோர் எல்லாருமே அவருக்கு அங்கிள், அன்ரி. ஆனால் ஆடுதளத்தின் கோட்டுக்கு உள்ளே எந்த அங்கிளும் எந்த அன்ரியும் வாய் திறக்கக்கூடாது.

என் மகள் நான்காம் இலக்கம். உயரத்தில் அணியின் கடைசிக்கு முந்தியவள், கட்டையான பிள்ளை. பந்தைக் கொண்டுவருவதும் பிரித்துக் கொடுப்பதும் அவளுடைய வேலை. பன்னிரண்டாம் இலக்கம் எல்லாரிலும் உயரமானவள்; கூடைக்கு அருகே நிற்பவள். இருவரும் ஒரே வகுப்பு. இந்தக் கதை பெரும்பாலும் இந்த இருவரையும், பன்னிரண்டின் தாயாரையும், என்னையும் பற்றியது.

நான் ஆட்ட மேசைக்கு வந்தது தற்செயல். முதல் ஆட்டத்திலேயே எங்கள் பக்கத்தில் ஏடு எழுத ஆளில்லை. அணியின் அலுவல்களைப் பார்க்கும் தகப்பன் ஒருவர், ஆட்டங்களைக் கைப்பேசியில் படம்பிடிப்பவரும் அவர்தான், பேனையை என் கையில் திணித்தார்.

“மாஸ்ரர், உங்களுக்கு வேலையே பிழை பிடிக்கிறதுதானே. இந்தாங்கோ, பிடியுங்கோ.”

நான் ஊரில் சில ஆண்டுகள் தமிழ் இலக்கியம் கற்பித்தவன். இங்கே மருந்து பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகன். பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் பணி. இரண்டில் எதை நினைத்து அவர் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பேனையை வாங்கிக்கொண்டேன்.

பந்தைக் கூடையில் போட்டவருக்குப் புள்ளி. தவறிய பந்தைப் பிடித்தவருக்கு ஒரு கோடு. பறித்தவருக்கு ஒரு கோடு. பறிகொடுத்தவருக்கும் ஒரு கோடு. போடத்தக்க இடத்தில் நின்றவளுக்குப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு எழுதுவது அசிஸ்ற். மேசையிலும் வீட்டிலும் எல்லாரும் சொல்லும் சொல் அதுவே; நானும் அதையே எழுதுகிறேன். நூலகத்திலிருந்து ஒரு கைந்நூலை எடுத்துவந்து, விதிகளை அடிக்கோடிட இயலாமையால் தனித்தாளில் படியெடுத்து, இரண்டு கிழமையில் படித்து முடித்தேன்.

ஏட்டைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பவனுக்குத்தான் ஓர் அணியின் இயல்பு முழுதாகத் தெரியும் என்று நினைக்கிறேன். எங்கள் பிள்ளைகள் கட்டை. எதிரணி உள்ளே வரும்போது பார்வையாளர் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழும். ஆனால் ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் அது அடங்கிவிடும். எங்கள் பிள்ளைகள் முழுத் தளத்திலும் மறிப்பவர்கள். எதிரணி பந்தைக் கையில் எடுத்த கணத்திலேயே இருவர் அவள் முன்னால் நிற்பார்கள். மூன்றாமவள் அவள் எறியப்போகும் திசைக்கு முன்னதாகவே ஓடிக்கொண்டிருப்பாள். ஐவரும் ஒரே கயிற்றில் கட்டியவர்கள் போல நகர்வார்கள். ஒருத்தி விழுந்தால் நால்வர் கை கொடுப்பார்கள். என் ஏட்டில் ஒருவருடைய வரி மட்டும் நீண்டு மற்றவை வெறுமையாக இருந்த ஆட்டம் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை பொங்கும். மேசையில் இருப்பவன் கைதட்டக்கூடாது என்பதால் பேனையை இறுகப் பிடித்துக்கொள்வேன்.

வசந்தம் தொடங்கியபோது பயிற்றுநர் பெற்றோரை ஜிம்மின் மூலையில் கூட்டி ஷோகேஸ் பற்றிச் சொன்னார். பல்கலைக்கழகங்களின் பயிற்றுநர்கள் ஒரே இடத்துக்கு வந்து, இரண்டு நாள்கள், பல அணிகளின் ஆட்டங்களைப் பார்ப்பார்கள். எல்லைக்கு அப்பால் இருந்தும் சிலர் வருவார்கள். ஒரே நேரத்தில் நான்கு தளங்களில் ஆட்டம் நடக்கும்; எந்தத் தளத்தின் அருகே கதிரையைப் போடுவது என்பதை அவர்கள் முன்கூட்டி வந்த தாள்களைப் பார்த்தே தீர்மானிப்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள்: படம், உயரம், பள்ளிப் பெறுபேறு, இந்தப் பருவத்தின் எண்கள்.

“அங்கிள்தான் தாளைச் செய்ய வேணும்,” என்றார் என்னைப் பார்த்து. பிறகு மற்றவர்கள் கலைந்தபின் தணிந்த குரலில் சொன்னார்: “உங்கடை மகளைப் பற்றி ஒண்டு சொல்லட்டோ? ஹைற்றைப் பாத்தா அவை அடுத்த தாளுக்குப் போயிடுவினம். அவவிலை அவை பாக்கப்போறது அசிஸ்ற் மட்டும்தான். அது நல்லா இருந்தா ஒரு ஆளாவது வந்து இருப்பார். வந்து இருந்தா, மிச்சத்தை அவ பாத்துக்கொள்ளுவா.”

அடுத்த ஆண்டு மகளுக்குப் பள்ளியின் கடைசி ஆண்டு. பெரும்பாலான அணிகள் அதற்குள் தங்கள் இடங்களை நிரப்பிவிடும். அவளைக் காண ஒருவர் வந்து அமர்வதற்கு இந்த இரண்டு நாள்கள்தாம் வாய்ப்பு. அதை நான் அறிந்துகொண்டது அந்த மூலையில்தான்.

தாள் எழுதுவதற்கு முதலில் உயரம் வேண்டும். பெற்றோர் எழுதி அனுப்பிய உயரங்களை அடுக்கிப் பார்த்தேன். கிழமைக்கு இருமுறை நான் கண்ணால் காணும் பிள்ளைகளைவிட அந்த எண்களில் இருந்தவர்கள் நெடியவர்களாக இருந்தார்கள். கூடைப்பந்தில் இது வழக்கம் என்று அறிந்தேன். சப்பாத்தோடு அளப்பார்கள், பிறகு அதன் மேல் ஓர் இஞ்சியைச் சேர்ப்பார்கள், சேர்க்காதவரை ஏமாளி என்பார்கள். அடுத்த செவ்வாய் ஓர் அளவுநாடாவும் மரச் சட்டமும் கொண்டுபோனேன். பிள்ளைகளைச் சுவரோரம் வெறுங்காலில் நிறுத்தி, தலையில் சட்டத்தை வைத்து, மட்டம் பார்த்து அளந்தேன்.

பிள்ளைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் இலக்கம் உச்சியில் கொண்டை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“அங்கிள், கொண்டை கவுன்ற் ஆகுமோ?”

“கொண்டை பந்து பிடிக்குமெண்டால் ஆகும்.”

“பிளீஸ் அங்கிள், அரை இஞ்சி!”

கொண்டையை அவிழ்க்கச் சொன்னேன். என் மகள் ஐந்தடி மூன்றரை இஞ்சி. அவள் சொல்லிக்கொண்டிருந்தது ஐந்தடி ஐந்து. எண்ணைப் பார்த்தாள், தோளைக் குலுக்கிவிட்டுப் போய்ச் சப்பாத்தை மாட்டினாள். பன்னிரண்டு ஐந்தடி பத்தரை. அவளுடைய தாயார் எழுதி அனுப்பியது ஆறடி.

அந்தத் தாயார் மறுநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஊரில் பாடசாலை வலைப்பந்து அணியில் ஆடியவர். இன்றும் ஆட்டத்தின்போது தன்னை மறந்து வலைப்பந்து விதிகளைக் கத்துபவர். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் பிள்ளையைப் பார்த்து “ஸ்ரெப்ஸ்! ஸ்ரெப்ஸ்!” என்று அவர் எழுந்து நிற்பதும், வலைப்பந்தில்தான் பந்தோடு ஓடக்கூடாது என்பதைப் பக்கத்திலிருப்பவர் நினைவூட்ட அவர் அமர்வதும் ஒவ்வோர் ஆட்டத்திலும் நடப்பது.

“அண்ணை, ஆறடி எண்டு போட்டால் என்ன குடியே முழுகிப்போகும்?”

“பிள்ளை ஆறடி இல்லையே தங்கச்சி.”

“சப்பாத்தோடை ஆறடிதானே. வெறுங்காலோடையோ விளையாடப்போறாள்?”

“அப்ப எல்லாரும் சப்பாத்தோடைதானே விளையாடுவினம்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்! எல்லாரும் கூட்டித்தான் போடினம். எங்கடை பிள்ளையளை மட்டும் நீங்கள் நிலத்துக்குள்ளை தாட்டு வைக்கிறியள்.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாரும் கூட்டும் இடத்தில் கூட்டாதவன் குறைத்தவனாகவே தோன்றுவான். நான் பயிற்றுநரிடம் கேட்டேன். தாம் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் நாளே சுவரில் நிறுத்தி அளந்தார்கள் என்றும், தாளில் இருந்த உயரம் இல்லாதவளைப் பார்த்து அங்கிருந்த பயிற்றுநர் சிரித்த சிரிப்பைத் தாம் மறக்கவில்லை என்றும் அவர் சொன்னார். ஒவ்வொரு தாளிலும் உயரத்தின் அடியில் “வெறுங்காலில் அளந்தது” என்று ஒரு வரி சேர்த்தேன். அந்தத் தாயார் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஜிம்மின் மறு பக்கத்தில் அமர்ந்தார்.

பத்துத் தாள்களையும் முடித்துப் பயிற்றுநரிடம் கொடுத்தேன். என் மகளின் தாளில் அசிஸ்ற் எண் அடக்கமானதாக இருந்தது. நல்லது என்று சொல்லலாம், திரும்பிப் பார்க்க வைக்கும் என்று சொல்ல இயலாது. பயிற்றுநர் அதைப் பார்த்துச் சற்றே நெற்றியைச் சுருக்கினார். “நான் கூட எண்டு நினைச்சன்,” என்றார். “ஏட்டிலை உள்ளது அதுதான் பிள்ளை,” என்றேன். தலையாட்டினார். உண்மையை எழுதிவிட்டேன் என்ற நிறைவு எனக்கு இருந்தது. மகளுக்கு என் கையால் எதையும் கூட்டவில்லை என்ற நிறைவு அதைவிடக் கூடுதலாக இருந்தது. இதை மறைத்துப் பயனில்லை.

அடுத்த ஞாயிறு யூனியன்வில்லில் ஓர் ஆட்டம். மேசையில் என் பக்கத்தில் எதிரணிக்காக ஏடு எழுதியவர் ஓர் இளம்பெண். சீனக் குடும்பத்துப் பிள்ளை. இந்த வேலைக்கு முறையாகப் பயின்றவர். அதுவரை நான் மற்றப் பக்கத்தோடு புள்ளிகளை மட்டுமே ஒப்பிட்டு வந்தேன்; அன்று ஆட்டம் முடிந்தபின் இருவரும் எல்லா எண்களையும் ஒப்பிட்டோம். புள்ளிகள் பொருந்தின. மற்றவையும் பொருந்தின. நான்காம் இலக்கத்தின் அசிஸ்ற்றில் நான் நான்கு எழுதியிருந்தேன். அவர் ஏழு எழுதியிருந்தார்.

அவர் தவறிவிட்டார் என்றே எண்ணினேன். மரியாதையாகச் சுட்டிக்காட்டினேன். அவர் தம் ஏட்டில் மூன்று இடங்களைத் தொட்டுக் காட்டினார். மூன்றிலும் நடந்தது ஒன்றே: என் மகள் கூடையடியில் நின்ற பன்னிரண்டுக்குப் பந்தைக் கொடுக்கிறாள், பன்னிரண்டு எறிய எழும்போது எதிரணிப் பிள்ளை கையில் அடிக்கிறாள், நடுவர் ஊதுகிறார், பன்னிரண்டுக்கு, யாரும் மறிக்காமல் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ இரண்டு கிடைக்கின்றன, அவற்றில் ஒன்றையாவது அவள் போடுகிறாள். இது அசிஸ்ற் என்றார் அந்தப் பெண். பந்து கூடைக்குள் நேராகப் போகவில்லையே என்றேன். அவர் கைப்பேசியில் விதியைத் திறந்து என் முன் வைத்தார். இங்கே நாங்கள் ஆடும் சர்வதேச விதிப்படி அது அசிஸ்ற்தான். நான் படித்த கைந்நூல் எல்லைக்குத் தெற்கே, அண்டை நாட்டில், அச்சானது. அங்கே வழங்கும் முறையில் அப்படி எழுதுவதில்லை. இரண்டு கிழமை வரி வரியாகப் படியெடுத்த நான், அது எந்த நாட்டு விதி என்று முதற்பக்கத்தைப் பார்க்கவில்லை.

மருந்துப் பெட்டிகளில் நான் நாள்தோறும் தேடும் பிழை இதுதான்: உள்ளே இருப்பது சரி, எழுதியிருப்பதும் தெளிவு, ஆனால் வேறொரு சந்தைக்குரிய சீட்டு.

வீடு திரும்பும் வழியில் மகள் பக்கத்து இருக்கையில் கால்களை மடித்துக்கொண்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் வியக்கவில்லை.

“மற்றப் பக்க ஷீற்றிலை எப்பவும் கூடத்தான் வாறது, அப்பா.”

“உனக்கு முந்தியே தெரியுமோ?”

“ஓம். கேம் முடிய அவை ஒன்லைனிலை போடுவினம். நாங்கள் எல்லாரும் பாக்கிறனாங்கள்.”

“அப்ப ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

தோலைக் கடதாசியில் சுற்றிக் கதவின் பையில் வைத்தாள். “நீங்கள் எனக்கு மட்டும் கொஞ்சம் இறுக்கமாப் போடுறியள் எண்டு நினைச்சன். நான் உங்கடை மகள்தானே. ஐ தோட், தற்ஸ் ஜஸ்ற் அப்பா. பரவாயில்லை எண்டு விட்டிட்டன்.”

சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினேன்.

“உனக்கு மட்டும் இல்லை. எல்லாருக்கும் பிழையாத்தான் போட்டனான்.”

“வாவ், அப்பா,” என்றாள். “அது இன்னும் மோசம்.” பிறகு சிரிக்கத் தொடங்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகப்பன் தன்னைக் குறைத்து எழுதுகிறான் என்று எண்ணிக்கொண்டே ஒரு பிள்ளை ஒரு பருவம் முழுவதும் ஆடியிருக்கிறாள். அதில் ஓர் ஆட்டத்திலும் பந்தைத் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. அது என் ஏட்டிலேயே இருக்கிறது.

மறு கிழமை முழுவதும் அதிகாலையில் எழுந்து, வேலைக்குப் புறப்படும் முன், பருவத்தின் எல்லா ஆட்டங்களின் ஒளிப்பதிவையும் தொடக்கத்திலிருந்து பார்த்தேன். நடுவர் ஊதிய ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, பந்து யாருடைய கையிலிருந்து வந்தது என்று குறித்தேன். ஏறத்தாழ எல்லாருடைய எண்ணும் ஒன்று இரண்டு கூடியது. என் மகளுடையது மிகக் கூடியது. பந்தைக் கொடுப்பவள் அவள் என்பதால் அப்படித்தான் ஆகும். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எப்படித் தோன்றும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. இன்னொருவருடைய பிள்ளைக்கு ஒன்றரை இஞ்சி கொடுக்க மறுத்தவன், தாள் கொடுத்து முடிந்த பிறகு, தன் பிள்ளையின் எண்ணை உயர்த்திக்கொண்டு வருகிறான்.

திருத்தாமல் விட்டுவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. என் பெயர் காப்பாற்றப்படும். ஆனால் அவளுடைய தாளைப் பார்த்து அடுத்த தாளுக்குப் போகிறவர், என் பெயருக்காக அல்லவா போவார்? அந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் எனக்குச் சரிவரவில்லை.

செவ்வாய்ப் பயிற்சிக்கு முன் ஜிம்மின் நடைக்கூடத்தில் பெற்றோர் நின்றபோது சொன்னேன். எந்த விதியை விட்டேன், ஏன் விட்டேன், யாருடைய எண் எவ்வளவு மாறுகிறது என்று தாளைப் பார்த்து வாசித்தேன். என் மகளின் எண்ணைக் கடைசியாக வாசித்தேன். படம்பிடிக்கும் தகப்பன்தான் முதலில் வாய் திறந்தார்.

“மாஸ்ரர் பிழை விட்டிட்டார். இண்டைக்கு மழைதான்.”

சிலர் சிரித்தார்கள். பன்னிரண்டின் தாயார் சிரிக்கவில்லை.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. நான் ஒரு இஞ்சி கேக்க விதி, மட்டம், சட்டம் எல்லாம் வந்தது. இப்ப உங்கடை பிள்ளைக்குக் கூட்ட விதி வருது. நல்ல விதிதான்.”

கோபிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அவருடைய இடத்தில் நின்றால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். “என்ரை சொல்லை எடுக்க வேண்டாம்,” என்றேன். “வீடியோ எல்லாம் கிடக்கு. விதி ஒரு பக்கம்தான். நீங்களே எண்ணிப்பாருங்கோ. நீங்கள் எண்ணி வாறதைத்தான் தாளிலை போடுவன்.”

“நானோ?”

“நீங்கள் விளையாடின ஆள். இந்த ஜிம்மிலை பாஸைப் பாக்கத் தெரிஞ்ச ஆள் வேறை ஆர் இருக்கினம்?”

இதை முகமனாகச் சொல்லவில்லை. வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, கொடுக்கத்தான் முடியும். கொடுப்பதையே ஆட்டமாக ஆடியவர் அவர். கையை நீட்டினார். “தாங்கோ,” என்றார்.

ஒன்பது நாள்கள் எடுத்தார். தாள்களை அனுப்ப வேண்டிய கெடுவுக்கு அப்போது நான்கு நாள்களே மிஞ்சியிருந்தன. அதுவரை எனக்கு ஒரு செய்தியும் வரவில்லை. வியாழன் பயிற்சிக்கு அந்தத் தாயார் ஒரு பாடசாலைக் கொப்பியோடு வந்தார். இந்த முறை ஜிம்மின் எங்கள் பக்கத்தில், எனக்கு அடுத்த கதிரையில், அமர்ந்தார். கொப்பி முழுவதும் ஆட்டத்துக்கு ஒரு பக்கமாகக் கோடுகள். அருகே எந்த நிமிடம் என்ற குறிப்பு. என் வேலைத்தலத்தில் இத்தகைய ஒரு பதிவேட்டைக் கண்டால் பாராட்டிக் கையொப்பமிடுவேன்.

“நீங்கள் ரெண்டு விட்டிட்டியள், அண்ணை.”

“ரெண்டு கூடவோ, குறையவோ?”

“கூட. உங்கடை பிள்ளைக்கு இன்னும் ரெண்டு.”

முதலாவதைக் கைப்பேசியில் பார்த்தோம். அவர் சொன்னது சரி. யாரோ எழுந்து நின்று கமராவை மறைத்த ஒரு கணத்தில் பந்து கைமாறியிருந்தது. யாரோ வேறு கோணத்தில் எடுத்த இன்னொரு பதிவை அவர் தேடிப் பிடித்திருந்தார். எழுதிக்கொண்டேன். இரண்டாவதைப் பார்த்தோம். நான்காம் இலக்கம் பன்னிரண்டுக்குக் கொடுக்கிறாள், நடுவர் ஊதுகிறார், பன்னிரண்டு இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிடுகிறாள்.

“இது வராது தங்கச்சி. ஒண்டாவது போட வேணும்.”

“பாஸ் நல்ல பாஸ்தானே!”

“அருமையான பாஸ். ஆனால் போடேல்லை.”

“போடாதது ஆர்ரை பிழை? குடுத்தவளின்ரை பிழையோ?”

“இல்லை. ஆனால் விதி அப்பிடி.”

அவர் தம் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அப்போது தளத்தின் மறுமுனையில் ஃப்ரீ த்ரோ எறிந்து பழகிக்கொண்டிருந்தாள். “இவளுக்கு எத்தினை தரம் சொன்னனான், முழங்காலை மடிச்சு எறி எண்டு,” என்றார். பிறகு அந்தக் கோட்டின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். “உங்களைத் திருத்தேலாது அண்ணை.”

கொப்பியை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டார். அதன்பின் அவர் சொன்னதை வீட்டுக்கு வந்ததும் எழுதிவைத்தேன். “நான் இவ்வளவு நாளும் என்ரை பிள்ளையைத்தான் பாத்தனான். இந்த ஒன்பது நாளும் உங்கடை பிள்ளையைப் பாத்தன். அவ பந்தை என்ரை பிள்ளை நிக்கிற இடத்துக்குக் குடுக்கிறேல்லை, அண்ணை. நிக்கப்போற இடத்துக்குக் குடுக்கிறா. என்ரை பிள்ளை அங்கை போக முந்தியே பந்து அங்கை நிக்குது.” கொப்பியை மூடியபடி, “ஆனால் அந்த ஆறடியை நான் மறக்கேல்லை,” என்றார்.

திருத்திய தாளைப் பயிற்றுநரிடம் கொடுத்தபோது அவர் நான்காம் இலக்கத்தின் தாளை எடுத்து நெடுநேரம் பார்த்தார். நெற்றி சுருங்கவில்லை. “இதுதான் அங்கிள், நான் பாக்கிற ஆள்,” என்றார். அன்றிரவுக்குள் பத்துத் தாள்களும் போய்விட்டன.

ஷோகேஸ் நாளை, சனிக்கிழமை, தொடங்குகிறது. நேற்று நடந்த கடைசிப் பயிற்சியில் நான் ஏட்டை எடுக்கவில்லை. எழுதுவதற்கு ஆட்டம் இல்லை. வெறுங்கையோடு அமர்ந்து பார்த்தேன். இந்த அணியின் நிலையை என்னால் உறுதிப்படுத்த முடிந்த அளவில் சொல்கிறேன். உயரமான அணிகளுக்கு எதிரே, கூடையடியில், தவறிய பந்துகளை நாங்கள் அதிகம் இழக்கிறோம். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் ஒன்பதாம் இலக்கம் களைத்துப்போகிறாள். அவளுக்கு மாற்றாள் பழகிக்கொண்டிருக்கிறாள், இன்னும் பழகி முடிக்கவில்லை. பன்னிரண்டு முழங்காலை மடிக்கத் தொடங்கியிருக்கிறாள்; நேற்று அவளுடைய ஃப்ரீ த்ரோ முன்பைவிட நன்றாகப் போனது; ஆனால் பயிற்சியில் யாரும் கத்துவதில்லை. முழுத்தள மறிப்பில் இவர்களைப் போன்ற வேறோர் அணியை இந்தப் பருவத்தில் நான் மேசையிலிருந்து பார்க்கவில்லை. தங்கள் உயரத்தைத் தாங்களே அறிந்து, அந்த உயரத்துக்குள் ஆடக் கற்றவர்கள். அதை எந்தத் தாளிலும் எழுத இடம் இல்லை.

பயிற்சி முடிந்து பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மகள் என்னிடம் வந்தாள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

“அப்பா, சனிக்கிழமை நீங்கள் மேசையிலையோ?”

“இல்லை. அங்கை அவையின்ரை ஆக்கள்தான் எழுதுவினம்.”

“அப்ப கை தட்டலாம்.”

“ஓம். தட்டுவன்.”

“ஓவரா வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுத் தோழியரோடு போனாள்.

எனக்குத் தெரியாதவற்றையும் எழுதிவைக்கிறேன். வருகின்ற பயிற்றுநர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் தாள்களைப் படித்தார்களா, உயரத்தின் அடியில் இருக்கும் வரியைக் கண்டார்களா என்பது தெரியாது. எங்கள் முதல் ஆட்டம் நடக்கும் மூன்றாம் தளத்தின் அருகே யாராவது கதிரையைப் போட்டு அமர்வார்களா, அமர்ந்தால் நான்காம் இலக்கத்தைப் பார்ப்பார்களா என்பதும், இதை எழுதும் இந்த நாள் வரை, தெரியாது.